115 மாதத்துக்குள் இருக்கும் வட்டி

கிசான் விகாஸ் பத்திரம் வாங்கப் போகிறவருக்கு அஞ்சலகத்தில் முதலில் சொல்லப்படுவது காலக்கணக்குதான். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பத்திரங்களில், போட்ட பணம் 115 மாதத்தில், அதாவது 9 வருடம் 7 மாதத்தில் இரட்டிப்பாகும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் விற்ற காசையோ, வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பணத்தையோ அதில் போடுகிறவருக்கு அந்த ஒரு வரியே போதும் என்று தோன்றும். ஒரு லட்சம் இரண்டு லட்சமாகும். எந்த மாதத்தில் என்பதும் தெரியும். சரி, வட்டி எத்தனை சதவீதம்?

பெரும்பாலோர் போடும் மனக்கணக்கு இப்படி இருக்கும். ஒரு லட்சத்துக்கு ஒரு லட்சம் கூடியிருக்கிறது, அது 100 சதவீதம். 9 வருடம் 7 மாதம் என்பது 9.58 ஆண்டு. 100-ஐ 9.58-ஆல் வகுத்தால் 10.4. ஆகவே வட்டி 10.4 சதவீதம். வகுத்தலில் பிழை ஒன்றும் இல்லை, ஆனாலும் விடை தவறு. அரசு அறிவித்த வட்டி ஆண்டுக்கு 7.5 சதவீதம்தான். இடையில் உள்ள மூன்று சதவீதம் வட்டியின் மேல் வட்டி ஏறியதால் வந்தது. அதை விகிதத்தின் கணக்கில் சேர்த்துவிட்டால் எல்லாத் திட்டமும் உள்ளதைவிட அழகாகத் தெரியும்.

இந்தப் பிழையைப் பிறர் நமக்காகவே செய்துகாட்டுவதும் உண்டு. ஒரு லட்சத்தை ஒரே தவணையில் கட்டுங்கள், 20 வருடம் கழித்து மூன்று லட்சம் வாங்குங்கள், 200 சதவீதம் லாபம், வருடத்துக்கு 10 சதவீதம் என்று ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால், காகிதத்தில் எழுதிப் பார்த்தும் பலரால் மறுக்க முடியாது. அதன் உண்மையான ஆண்டு வட்டி 5.65 சதவீதம். வங்கியின் சாதாரண வைப்புத்தொகையே பல ஆண்டுகளில் இதைவிடக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. முதல், முடிவு, காலம் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு விகிதத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது கணித மாணவருக்கு மட்டும் உரிய திறமையாக இருந்துவிடக் கூடாது. நகைப் பணயமும் சிட்டி என்ற ஏலச் சீட்டும் அன்றாடப் பேச்சாக இருக்கும் எங்கள் ஊர் போன்ற ஊர்களில் அது எல்லோருக்கும் வேண்டிய ஒன்று.

விகிதம் தெரிந்தால் முடிவுத் தொகையைக் காண்பது எளிது, பெருக்கிக்கொண்டே போனால் போதும். முடிவு தெரிந்து விகிதத்தைத் தேடும்போதுதான் சிக்கல். விடாமல் வட்டி சேரும் கணக்கில் விகிதம் அடுக்குக்குறிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கீழே இறக்க ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவி இயற்கை மடக்கை.

அதற்கு முன், வட்டி எத்தனை முறை சேர்கிறது என்ற கேள்வியைப் பார்த்துவிட வேண்டும். 1683-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தவரான யாக்கோப் பெர்னூலி கேட்ட கேள்வி அது. ஒரு ரூபாய்க்கு ஆண்டு வட்டி 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் ஒரே முறை சேர்த்தால் இரண்டு ரூபாய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 50 சதவீதமாகச் சேர்த்தால் 2.25 ரூபாய். காலாண்டுக்கு ஒருமுறை என்றால் 2.4414. மாதந்தோறும் என்றால் 2.6130. தினந்தோறும் என்றால் 2.7146. மணிக்கு மணி, நொடிக்கு நொடி சேர்த்தால் தொகை எல்லையில்லாமல் ஏறும் என்றுதான் தோன்றும். ஏறவில்லை. 2.71828 என்ற இடத்தை நெருங்கி நெருங்கி நின்றுவிடுகிறது. பெர்னூலி அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்று காட்டினார். பின்னால் ஆய்லர் என்ற கணிதவியலாளர் அந்த எண்ணுக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து, கணிதத்தின் நடுக்கூடத்தில் உட்கார வைத்தார். நாம் இங்கே அதை ஆய்லர் எண் என்றே அழைப்போம்.

நொடிப்பொழுதும் விடாமல் வட்டி சேர்வதற்குத் தொடர் கூட்டு வட்டி என்று பெயர். அதில் ஒரு ரூபாய் எவ்வளவாகும் என்று அறிய, விகிதத்தையும் காலத்தையும் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகையை ஆய்லர் எண்ணின் அடுக்காக வைத்தால் போதும். 10 சதவீதம் 10 வருடம் என்றால் பெருக்குத்தொகை 1. ஒரு ரூபாய் 2.718 ரூபாயாகும். 5 சதவீதம் 20 வருடம் என்றாலும் பெருக்குத்தொகை அதே 1, விடையும் அதே 2.718. தொடர் கூட்டு வட்டிக்கு விகிதம் தனியாகவும் காலம் தனியாகவும் கண்ணில் படுவதில்லை. இரண்டும் சேர்ந்த பெருக்குத்தொகை மட்டுமே கணக்கு.

இதைத் திருப்பிப் போட்டால் விடை வந்துவிடும். ஒரு தொகை எத்தனை மடங்காகியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆய்லர் எண்ணை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அந்த மடங்கு வரும் என்பதே கேள்வி. அந்த அடுக்குக்குப் பெயர்தான் இயற்கை மடக்கை. 2-இன் இயற்கை மடக்கை 0.6931. 3-இன் மடக்கை 1.0986. அதைக் காலத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும்:

விகிதம் = இயற்கை மடக்கை (கடைசித் தொகை ÷ முதல் தொகை) ÷ ஆண்டுகள்

கிசான் விகாஸ் பத்திரத்துக்குப் போட்டுப் பார்ப்போம். தொகை 2 மடங்கு, மடக்கை 0.6931, காலம் 9.583 ஆண்டு. வகுத்தால் 0.0723, அதாவது 7.23 சதவீதம். அறிவித்தது 7.5 ஆயிற்றே என்று கேட்கலாம். அறிவித்தது ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும் விகிதம்; நாம் கண்டது நொடிதோறும் சேரும் விகிதம். அடிக்கடி சேரும்போது குறைந்த விகிதமே அதே இடத்துக்குக் கொண்டுசேர்த்துவிடும். ஆய்லர் எண்ணை 0.0723 அடுக்குக்கு உயர்த்தினால் 1.075 வருகிறது. ஒன்றைக் கழித்தால் சரியாக 7.5 சதவீதம். 20 வருட மூன்று லட்சத்துக்கும் இதே வழி: 1.0986-ஐ 20-ஆல் வகுத்தால் 5.49, ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் 5.65.

கைப்பேசியின் கணிப்பானைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் இயற்கை மடக்கைக்கான பொத்தான் தெரியும். மேல்நிலைப் பள்ளியில் பயன்படுத்திய மடக்கை அட்டவணை அலமாரியில் இருந்தால் அதுவும் உதவும். அது பத்தை அடியாகக் கொண்டது. அதில் கிடைப்பதை 0.4343-ஆல் வகுத்தால் இயற்கை மடக்கை. இரண்டும் இல்லாதபோது கையால் போட ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி. கூடிய தொகையை, முதலும் முடிவும் சேர்ந்த சராசரியால் வகுக்க வேண்டும். 100 ரூபாய் 120 ஆனால், கூடியது 20, சராசரி 110, வகுத்தால் 0.1818. உண்மையான மடக்கை 0.1823. கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு கூடிய கணக்குகளுக்கெல்லாம் இது தாராளமாகப் போதும். இரட்டிப்பாகும்போது 0.667 என்று கொஞ்சம் குறைத்துக் காட்டும், அங்கே 0.693-ஐ மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

வணிகர்களிடம் 72 என்ற எண் நெடுங்காலமாகப் புழங்குகிறது. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டு கிடைக்கும் என்பது விதி. இத்தாலியில் லூக்கா பச்சோலி 1494-ல் அச்சிட்ட கணித நூலில் இந்த விதி இருக்கிறது, காரணம் சொல்லப்படவில்லை. சொல்லவும் முடிந்திருக்காது, ஏனென்றால் ஜான் நேப்பியர் மடக்கையை உலகுக்கு அறிவித்தது 1614-ல். 2-இன் மடக்கை 0.693 என்பதால், தொடர் கூட்டு வட்டிக்கு வகுக்க வேண்டிய எண் 69.3. ஆண்டுக்கொருமுறை சேரும் வட்டிக்கு அது சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். 8 சதவீதத்தின் அருகில் அந்த எண் 72.05 என்று வருகிறது. 72-ஐ 2, 3, 4, 6, 8, 9, 12 ஆகியவற்றால் மீதியில்லாமல் வகுக்கலாம் என்பது கூடுதல் வசதி. 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 ஆண்டு. அஞ்சலகம் சொல்வது 9.58.

காலத்தை மட்டும் சொல்லும் வழக்கம் ஒரு திட்டத்தின் வரலாற்றையே மங்கலாக்கிவிடும். கிசான் விகாஸ் பத்திரம் 1988 ஏப்ரலில் வந்தபோது பணம் ஐந்தரை ஆண்டில் இரட்டித்தது. 2011-ல் நிறுத்தப்பட்டு 2014 நவம்பரில் மீண்டும் வந்தபோது 100 மாதம். 2020 ஏப்ரலில் 124 மாதம். நான்கு காலங்களிலும் விளம்பரத்தில் சொல்ல ஒரே சொல்தான், இரட்டிப்பு. மடக்கையால் வகுத்தால் விகிதங்கள் வெளியே வரும்: 1988-ல் 12.6, 2014-ல் 8.3, 2020-ல் 6.7, 2023-ல் 7.2. ஆண்டுக் கணக்கில் சொன்னால் 13.4, 8.7, 6.9, 7.5. 66 மாதத்துக்கும் 124 மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுமையின் வித்தியாசமாக எடுத்துக்கொள்கிறவர் பலர். வட்டி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது என்பதே அதன் பொருள்.

எந்த வங்கியும் நொடிக்கு நொடி வட்டி சேர்ப்பதில்லை. வைப்புத்தொகைக்குப் பெரும்பாலும் காலாண்டுக்கொருமுறை சேர்க்கிறார்கள். சேமிப்புக் கணக்கில் 2010 ஏப்ரல் முதல் அன்றன்றைய இருப்பின் மேல் கணக்கிடுகிறார்கள். அப்படியிருக்கத் தொடர் கூட்டு வட்டி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. இயற்கையில் அது நிஜமாகவே நடக்கிறது என்பது முதல் பதில். எங்கள் மாவட்டத்தின் கடற்கரையே அதற்குச் சாட்சி.

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கரையைச் சேர்ந்தது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது; அந்தக் காலத்தில் வாயு விளக்கின் திரிவலைக்கு அது தேவைப்பட்டது. தோரியம்-232 கதிரியக்கத்தால் மெல்லத் தேய்கிறது. அதில் பாதி தேய்வதற்கு 1,405 கோடி ஆண்டுகள் ஆகும். இங்கே நாள் பார்த்து, காலாண்டு பார்த்துக் கணக்கு முடிக்க யாரும் இல்லை. ஒவ்வொரு கணத்திலும், அந்தக் கணத்தில் எஞ்சியிருப்பதற்கு ஏற்றபடி தேய்வு நடக்கிறது. விகிதம் வேண்டுமென்றால் அதே சூத்திரம்: பாதி என்பதன் மடக்கை −0.6931, 1,405 கோடியால் வகுத்தால், ஒரு கோடி ஆண்டுக்கு 0.049 சதவீதம் குறைகிறது. கிசான் விகாஸ் பத்திரமும் மணவாளக்குறிச்சி மணலும் ஒரே 0.6931-ஐப் பயன்படுத்துகின்றன. ஒன்றில் இரட்டிப்பு, மற்றதில் பாதி. குறி மட்டும் மாறுகிறது.

இரண்டாவது பதில் இன்னும் பயனுள்ளது. தொடர் விகிதங்களைக் கூட்டலாம், கழிக்கலாம். சாதாரணச் சதவீதத்தில் அது முடியாது. குமரி மாவட்டத்தில் ரப்பர் பால் வெட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

கோட்டயம் சந்தையில் நான்காம் தர ஷீட் 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய் வரை போனது. 2016-இன் தொடக்கத்தில் 100-க்குக் கீழே, 95 ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2024 ஆகஸ்டில் 245-ஐத் தொட்டது. முழு எண்களாகவே இவற்றை எடுத்துக்கொள்வோம். விழுந்தது 60 சதவீதம். பிறகு ஏறியது 158 சதவீதம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வெளியூர்க்காரர், ரப்பர்க்காரருக்கு நல்ல காலம், விழுந்ததைவிட இரண்டரை மடங்கு ஏறிவிட்டது என்று நினைப்பார். மடக்கையில் போட்டால் விழுந்தது −0.927, ஏறியது 0.947. கூட்டினால் 0.02. பதின்மூன்று ஆண்டுக்கும் மேலான காலத்துக்கு 0.02. ஆண்டுக்கு 0.15 சதவீதம். அதாவது விலை நின்ற இடத்திலேயே நின்றது.

விலைவாசி அப்படி நிற்கவில்லை. நாட்டின் நுகர்வோர் விலைக் குறியீடு 2012-ஐ 100 என்று வைத்துத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் அது 193. மடக்கை 0.6575, 12 ஆண்டுச் சொச்சத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 5.4 சதவீதம். ரப்பரின் தொடர் விகிதத்திலிருந்து விலைவாசியின் தொடர் விகிதத்தைக் கழித்தால், ஒரு கிலோ ஷீட்டின் வாங்கும் சக்தி ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கும் மேலாகக் கரைந்தது என்று தெரியும். சாதாரணச் சதவீதத்தில் இந்தக் கழித்தலைச் செய்யக் கூடாது, விடை பிசகும். 2024-ல் சாதனை விலை என்று செய்தி வந்தபோது தோட்டக்காரர்கள் ஏன் துள்ளிக் குதிக்கவில்லை என்பதை இந்த ஒரு கழித்தல் சொல்லிவிடுகிறது.

மக்கள்தொகைக் கணக்குக்கும் இதே நேர்மை வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1991-ல் 16,00,349 பேர், 2001-ல் 16,76,034 பேர், 2011-ல் 18,70,374 பேர். பத்தாண்டு வளர்ச்சி முதலில் 4.73 சதவீதம், பிறகு 11.6 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 16.3, ஆனால் இருபது ஆண்டில் உண்மையில் கூடியது 16.9. மடக்கையில் 0.0462, 0.1097, கூட்டினால் 0.1559, அதுவே இருபது ஆண்டுக்கான சரியான மடக்கை. ஆண்டு விகிதம் முதல் பத்தாண்டில் 0.46 சதவீதம், அடுத்ததில் 1.10. வளர்ச்சி இரண்டு மடங்குக்கும் மேல் வேகமெடுத்திருக்கிறது. இரண்டாம் பத்தாண்டின் 11.6-ஐப் பத்தால் வகுத்து 1.16 என்று எழுதுவது நாளிதழ்களில் சாதாரணம். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் பத்து பத்தாண்டுகளை அப்படி அடுக்கினால் சிறியதாக இருக்காது.

மடக்கை தேவையே இல்லாத இடமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட பணத்தை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கி, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டியாகக் கொடுத்ததைப் படிக்கிறோம். 12.5 சதவீதம். வட்டி ஆண்டுதோறும் விளக்குக்கும் பூசைக்கும் செலவாகிவிடுகிறது. முதல் அப்படியே இருக்கிறது. வட்டி முதலோடு சேராத இடத்தில் வகுத்தலே போதும். இன்றும் வைப்புத்தொகையின் வட்டியைக் காலாண்டுதோறும் கையில் வாங்கிக்கொள்ளும் ஓய்வூதியர் செய்வது இதைத்தான்.

இனிக் கடன் வாங்குகிறவரின் பக்கம் வருவோம். விகிதம் ஒளிக்கப்படுவது அங்கேதான் அதிகம்.

மார்த்தாண்டத்தில் நகையைப் பணயம் வைக்க இடங்களுக்குக் குறைவில்லை. ஒருவர் ஒரு லட்சம் வாங்கி, 11 மாதம் கழித்து 1,13,000 கட்டி நகையை மீட்கிறார் என்று வைப்போம். 1.13-இன் மடக்கை 0.1222; 11 மாதம் என்பது 0.9167 ஆண்டு, விகிதம் 13.3 சதவீதம். அவருக்குக் கொடுக்கும்போதே மதிப்பீட்டுக் கட்டணம், பத்திரக் கட்டணம் என்று 500 ரூபாய் பிடித்திருந்தால், கையில் வந்தது 99,500. இப்போது மடக்கை 0.1272, விகிதம் 13.9. ஒரு லட்சத்தில் 500 ரூபாய் அரை சதவீதம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அது வட்டி விகிதத்தில் அரைக்கும் மேலாக ஏறிவிட்டது. கடன் எத்தனை குறுகிய காலத்துக்கோ, அத்தனைக்கு இந்தச் சில்லறைப் பிடித்தங்கள் விகிதத்தை ஏற்றும். மூன்று மாதத்தில் மீட்கிறவருக்கு அதே 500 ரூபாய் ஆண்டுக்கு இரண்டு சதவீதமாகிவிடும். முதல் தொகை என்று எழுத வேண்டியது கையில் வாங்கிய பணத்தை. சீட்டில் எழுதிய பணத்தை எழுதினால் கணக்கு கடன் கொடுத்தவர் சொன்னபடியே வரும்.

இதன் கொடிய வடிவம் தண்டல். தமிழ்நாட்டுச் சந்தைகளில் காய்கறி, மீன், பழம் விற்கிறவர்கள் நன்றாக அறிந்தது. 10,000 ரூபாய்க் கடன். 1,500-ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். கேட்டால் 15 சதவீத வட்டி என்பார்கள். இதை ஒவ்வொரு படியாக அவிழ்க்க வேண்டும்.

8,500 வாங்கி 10,000 கட்டுகிறார். 10,000-ஐ 8,500-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.1625. நூறு நாள் என்பது 0.274 ஆண்டு. வகுத்தால் ஆண்டுக்கு 59 சதவீதம். 15 எங்கே, 59 எங்கே. ஆனாலும் இதுவும் உண்மையைத் தொடவில்லை. இந்தச் சூத்திரம் ஒருமுறை வாங்கி ஒருமுறை கட்டும் கணக்குக்கு உரியது. தண்டலில் முதல் நாளே 100 ரூபாய் திரும்பிவிடுகிறது, மறுநாள் இன்னொரு 100. கடைசி நாள் கட்டும் 100 ரூபாயைத் தவிர எந்த ரூபாயும் நூறு நாள் முழுவதும் கடன் வாங்கியவரிடம் இருப்பதில்லை. கட்டும் நாட்களின் சராசரி 50.5. 0.1625-ஐ ஐம்பதரை நாளுக்கு உரியதாகக் கொண்டால் ஆண்டுக்கு 117 சதவீதம். துல்லியமான விடைக்குச் சூத்திரம் எதுவும் இல்லை. ஒரு விகிதத்தை ஊகித்து, ஒவ்வொரு நாள் 100 ரூபாயையும் அந்த விகிதத்தில் முதல் நாளுக்குச் சுருக்கி, கூட்டி, 8,500 வருகிறதா என்று பார்த்து, கூட்டியும் குறைத்தும் நெருங்க வேண்டும். நெருங்கினால் வருவது ஆண்டுக்கு ஏறத்தாழ 121 சதவீதம். இந்த விகிதத்தில் ஓர் ஆண்டு ஓடும் ஒரு ரூபாய் மூன்று ரூபாய் முப்பத்தைந்து காசாகும்.

மாதாமாதம் கட்டி நடுவில் ஏலம் எடுக்கும் சிட்டியும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பல நாட்களில் பணம் போய்வரும் எந்தக் கணக்குக்கும் ஒற்றை மடக்கை விடை தராது. ஊகித்து நெருங்கும் வழிதான். கணினியின் அட்டவணைச் செயலிகள் அதை நொடியில் செய்துவிடும்.

தண்டலையும் மீட்டர் வட்டியையும் கந்து வட்டியையும் பெயர் சொல்லியே தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்கள். 2017-ல் எங்கள் மாவட்ட எல்லையில் மத்தம்பாலையில் ஒரு நிதி நிறுவனம் கதவை மூடியபோது, எல்லைக்கு இரு பக்கமும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போட்ட பணத்துக்காகத் தவித்தன. மூன்று வருடத்தில் இரட்டிப்பு என்று ஒருவர் சொன்னால், 0.693-ஐ மூன்றால் வகுத்துப் பார்க்க வேண்டும்: 23.1 சதவீதம், நொடி விடாமல். ஆண்டுக் கணக்கில் 26. வாங்கிய பணத்தை எங்கே போட்டு அதைவிடக் கூடுதலாக அவர் சம்பாதிக்கிறார் என்பதுதான் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி. வாடகை, சம்பளம், வாராக்கடன் எல்லாம் போக மிஞ்ச வேண்டிய 26 அது.

முறையான கடன்களில் இந்தக் கணக்கை நமக்காகப் போட்டுத் தர வேண்டும் என்பது இப்போது விதி. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் தனிநபர், சிறுதொழில் தவணைக் கடன்களுக்கெல்லாம் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் சதவீத விகிதம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். தண்டல்காரர் அப்படி ஒரு தாள் தரமாட்டார். அங்கே நாமே போட வேண்டும்.

தண்டலை ஆண்டு முழுவதும் புதுப்பித்துக்கொண்டே போகிற ஒருவர், நூறு நாளுக்கு 1,500 என்று ஆண்டுக்கு 5,475 ரூபாய் வட்டி கட்டுகிறார். அந்த ஆண்டில் அவர் கையில் சராசரியாக நின்ற கடன் சுமார் 4,500 ரூபாய்தான். அதே 4,500-ஐ மேலே பார்த்த நகைக்கடனில், பிடித்தமெல்லாம் சேர்ந்த 13.9 சதவீதத் தொடர் விகிதத்தில் எடுத்திருந்தால், ஆண்டு வட்டி 670 ரூபாய். வைக்க நகை இல்லாத தெருவோர வியாபாரிகளுக்கென்று பி.எம். ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் தொடங்கியபோது, ஈடில்லாமல் தரப்பட்ட முதல் கடனின் அளவு 10,000 ரூபாய். தண்டல்காரர் சீட்டில் எழுதும் அதே தொகை. ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறவருக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டியை அரசே மானியமாகத் தருகிறது.